காற்றுக் கூடாரத்துள் ஒரு வானம்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கல்வி அரங்கில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)

 

கல்வியும் நம் எதிர்காலமும் என்னும் தலைப்பே எமக்கு முதலில் தரப்பட்டது. அத்தலைப்பில் இம்மேடையில் எம்மினும் நன்றாகப் பேசியவர்கள் பலர். இனிப் பேசப் போகிறவர்களும் உளர். ஆகவே செயலாளரின் இசைவு பெற்று, ஒரே ஒரு பொருளைப் பற்றி மட்டும் பேச வந்துள்ளோம். அது மடித்துக் கட்டினால் இரண்டு மூட்டை. ஒரு மினி லாரியின் மூலையில் அடங்கிவிடும். விரித்துக் காற்றூதினால் முப்பது பிள்ளைகள் உட்காரக்கூடிய ஒரு வானம். நடமாடும் கோளரங்கம் என்பது அதன் பெயர். 2024 பிப்ரவரி இரண்டாம் வாரத்தில், வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய மூன்று நாட்கள், அதனை வாடகைக்கு எடுத்து நம் பள்ளியிலும் நம் காலனியிலும் நடத்திப் பார்த்தோம். நாங்கள் என்று சொல்வது எம் பள்ளி ஆசிரியர் மூவரையும், இச்சங்கத்தின் இளைஞர் அறுவரையும் சேர்த்துத்தான். அந்த மூன்று நாட்களில் கண்டதை உங்கள் முன் வைத்து, முடிவில் ஒரு வேண்டுகோளும் வைப்போம்.

கோளரங்கம் என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். அரைக்கோள வடிவான கூரையின் உட்புறத்தில், நடுவே வைத்த கருவியால் விண்மீன்களை ஒளியாக விழச் செய்து, எந்த ஊரின், எந்த நாளின், எந்த நேரத்தின் வானத்தையும் காட்டுகின்ற அரங்கு அது. செருமனி நாட்டில் கார்ல் சைஸ் தொழிற்சாலையின் பொறியாளர் வால்டர் பவர்ஸ்பெல்டு என்பாரின் முயற்சியால் 1923-இல் இக்கருவி முதன்முதலாக இயக்கிக் காட்டப்பட்டது. நம் நாட்டில் கல்கத்தாவின் பிர்லா கோளரங்கத்தை 1963-இல் பிரதமர் நேரு முறைப்படித் திறந்துவைத்தார். பம்பாயில் 1977-இல், தில்லியில் 1984-இல், சென்னைக் கோட்டூர்புரத்தில் 1988-இல், திருச்சியில் 1999-இல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எல்லாம் மாநகரங்கள். கோபியிலிருந்து சென்னை நானூறு கிலோமீட்டருக்கு மேல். ஒரு பிள்ளையை அங்கே அழைத்துச் சென்று வருவதற்குத் தந்தை இரண்டு நாள் கூலியை இழக்க வேண்டும். பயணச் செலவு வேறு. பள்ளிச் சுற்றுலா என்று அறிவித்தால் பணம் கட்ட இயலாத பிள்ளைகள் அன்றைக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வீட்டில் இருந்துவிடுவதை முப்பது ஆண்டுகளாகப் பார்த்து வருகிறோம்.

இந்தத் தொல்லைக்கு வழி கண்டவர் ஒரு பள்ளி ஆசிரியர் என்பது எமக்குத் தனி மகிழ்ச்சி. அமெரிக்காவின் மாசசூசெட்சு மாநிலத்தில் சிறுவர்களுக்கு அறிவியல் கற்பித்து வந்த பிலிப் சாட்லர் என்பவர், 1977-இல் துணியாலான காற்றுக் கூடாரத்தையும், அதற்குள் வைக்கும் எளிய ஒளிக்கருவியையும் உருவாக்கினார். கருவி என்பது நடுவே ஒரு சிறு விளக்கு. அதைச் சுற்றி விண்மீன் இருக்கும் இடங்களிலெல்லாம் ஒளி வழியும்படி அமைத்த ஓர் உருளை. பிள்ளைகள் கோளரங்கத்துக்குப் போக இயலாவிட்டால் கோளரங்கம் பிள்ளைகளிடம் போகட்டும் என்னும் எண்ணம்தான். உலகெங்கும் இன்று பள்ளிகளுக்குச் செல்லும் காற்றுக் கூடாரங்கள் அந்த வழியில் வந்தவையே.

இப்போது உருளையின் இடத்தைக் கணிப்பொறி பிடித்துவிட்டது. நாங்கள் எடுத்த கூடாரத்தில் ஒரு மடிக்கணினி, சாதாரணமான ஒரு புரொஜெக்டர், பாதிப் பந்து போன்ற ஒரு குவி ஆடி இருந்தன. புரொஜெக்டரின் ஒளி ஆடியின்மேல் பட்டுத் தெறித்துக் கூடாரத்தின் உட்புறம் முழுவதும் பரவுகிறது. ஆடியில் பட்டால் படம் கோணுமே என்று கேட்பீர்கள். கோணுகின்ற அளவுக்கு முன்கூட்டியே எதிர்ப்பக்கம் கோணலாக்கி அனுப்பினால், விழும் இடத்தில் நேராகிவிடும். இம்முறையை ஆஸ்திரேலியாவில் பால் போர்க் என்பவர் வகுத்தார். வானத்தைக் கணக்கிட்டுக் காட்டும் மென்பொருள் ஸ்டெல்லேரியம் என்பது. பாபியன் செரோ என்னும் பிரெஞ்சுக்காரர் தொடங்கி, உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் வளர்த்து வருவது. அதற்குக் காசு இல்லை. எவரும் இறக்கிக்கொள்ளலாம். கோபியின் அட்சரேகை பதினொன்றரை பாகை என்று கொடுத்தால் கோபியின் வானம் வந்து நிற்கும்.

கூடாரத்தை நிறுத்துவது பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நம் இளைஞர்கள் நாளை செய்ய வேண்டிய வேலை அது. எங்கள் கூடாரத்தின் விட்டம் ஐந்து மீட்டர். உயரம் மூன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. சாதாரண வகுப்பறையில் இது நிற்காது. கூரை தாழ்வு, மேலே மின்விசிறி வேறு தொங்கும். தூணில்லாத ஒரு கூடம் வேண்டும். தரையை நன்றாகப் பெருக்கி, கல், ஆணி, பாட்டில் மூடி எதுவும் இல்லாமல் செய்து, அதன்மேல் தார்ப்பாய் விரித்து, அதன்மேல் கூடாரத்தைப் பரப்ப வேண்டும். பக்கத்திலுள்ள துணிக்குழாயை ஊதுவிசிறியின் வாயில் பொருத்திக் கட்டி, மின்சாரத்தைப் போட்டால், பத்து நிமிடத்துக்குள் துணி புரண்டு, நெளிந்து, எழுந்து நிற்கிறது. அந்தப் பத்து நிமிடத்தைப் பிள்ளைகள் பார்க்கும்படி செய்வது நல்லது. எங்கள் பள்ளியில் நிகழ்ச்சிக்கு விழுந்த கைத்தட்டலைவிட அதற்கு விழுந்த கைத்தட்டல் அதிகம்.

நிகழ்ச்சி முடியும் வரை ஊதுவிசிறி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே கம்பமோ கயிறோ கிடையாது. உள்ளிருக்கும் காற்று வெளிக்காற்றைவிட ஒரு சிறிது மிகையாக அழுத்துவதாலேயே கூரை நிற்கிறது. தையல் வழியே கசியும் காற்றுக்கு ஈடாகப் புதுக்காற்று வந்துகொண்டே இருப்பதால் பிள்ளைகளுக்கு மூச்சுத் திணறல் இல்லை. மின்சாரம் நின்றால் என்ன ஆகும் என்று ஒரு தாயார் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்வி. துணி மெல்ல மெல்லத் தாழும். எடை மிகக் குறைவு; தலைமேல் வந்து அமர்ந்தாலும் துன்பமில்லை. ஆனால் இருட்டில் சிறுவர் பதறி ஓடினால் ஒருவரை ஒருவர் மிதித்துவிடுவர். ஆகவே ஒவ்வொரு முறையும் உள்ளே அமர்ந்தவுடன், முதல் வேலையாக, விசிறி நின்றால் அசையாமல் இருங்கள், நாங்கள் விளிம்பைத் தூக்குவோம், வரிசையாக வெளியேறலாம் என்று சொல்லிவிட வேண்டும். ஒரு இளைஞர் கைவிளக்குடன் வாயிலை விட்டு நகரக் கூடாது. சனிக்கிழமை பிற்பகலில் மின்சாரம் நின்றே விட்டது. இருபத்தெட்டுப் பிள்ளைகளும் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். அவர்களுக்கு அதுவும் ஒரு வேடிக்கை.

தொடக்க நாளில் நல்லெண்ணம் கொண்ட ஒருவர் தேங்காயும் சூடமும் கொண்டுவந்தார். தேங்காயை வெளியே உடைத்துக்கொள்ளலாம், சூடம் மட்டும் கூடவே கூடாது என்றோம். நைலான் துணிக்குப் பக்கத்தில் நெருப்புக்கு இடமில்லை. அவர் தேங்காய்ச் சில்லைப் பிள்ளைகளுக்குப் பகிர்ந்து கொடுத்தார்; நன்றாகவே இருந்தது.

வெயில் மற்றொரு பகை. ஊதுவிசிறி வெளியில் இருக்கும் சூட்டைத்தான் உள்ளே அனுப்பும். முப்பது பேரின் உடற்சூடும் புரொஜெக்டரின் சூடும் சேர்ந்தால் சித்திரை வைகாசியில் உள்ளே இருக்க முடியாது. ஐப்பசி தொடங்கி மாசி முடிய நடத்துவதே நம் பகுதிக்கு ஏற்றது. உட்காருவதற்கு நாங்கள் பவானி ஜமக்காளம் விரித்தோம். நாற்காலி உள்ளே செல்லாது. மாவட்ட அதிகாரி வந்தாலும் தரையில்தான்.

இனி இடம் பற்றிய செய்திக்கு வருவோம்.

முதல் இரண்டு நாள் எங்கள் பள்ளிக் கூடத்தில் நடத்தினோம். பெற்றோருக்கும் பெரியோருக்கும் ஞாயிற்றுக்கிழமை நடத்த ஒரு பெரிய கூடம் தேவைப்பட்டது. ஊருக்குள் ஒரு மண்டபத்தைக் கேட்டோம். அன்று வேறு நிகழ்ச்சி இருக்கிறது என்று பதில் வந்தது. அன்று அங்கே பூட்டுத்தான் தொங்கியது. அதை இங்கே பெரிதுபடுத்த விரும்பவில்லை. நம் காலனிச் சமுதாயக் கூடத்திலேயே நடத்துவதென்று இளைஞர்கள் முடிவு செய்தார்கள். சுவரைத் துடைத்து, ஒட்டடை அடித்து, மின்கம்பியை மாற்றி, சனிக்கிழமை இரவு முழுவதும் வேலை நடந்தது. எங்களுக்கு இருந்த ஐயம் ஒன்றே. பள்ளியில் பார்த்துவிட்டு வீட்டில் போய்ச் சொல்லியிருக்கும் ஊர்ப் பிள்ளைகள், தம் தாய் தந்தையரை இந்தக் கூடத்துக்கு அழைத்து வருவார்களா?

காலையில் எவரும் வரவில்லை. பதினொரு மணியளவில் ஏழு பிள்ளைகள் மட்டும் மிதிவண்டிகளில் வந்தார்கள். பெரியவர் எவரும் உடன் இல்லை. உள்ளே போய்ப் பார்த்துவிட்டுப் போனார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு அவர்களுள் ஒரு சிறுமி தன் பாட்டியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து நின்றாள். அதன்பின் இருவர் மூவராகச் சிலர் வந்தார்கள். மொத்தம் இருபது பேர் இருக்கலாம். பெருங்கூட்டம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் அந்த இருபது பேருள் பலர் நம் காலனித் தெருவுக்குள் அதற்குமுன் கால் வைத்ததில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

கூடாரத்துக்குள் போக ஒரு வழி உண்டு. செருப்பைக் கழற்ற வேண்டும்; தரைத்துணி கிழியக் கூடாது அல்லவா? பிறகு இடுப்புவரை குனிந்து துணிக்குழாய் வழியே நுழைய வேண்டும். செருப்பைக் கழற்றுவதும் குனிவதும் நம் மூத்தோர்க்குப் புதியவை அல்ல. எந்தத் தெருவில் எவர் முன்னால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தோம் என்பதை நினைவில் வைத்திருப்பவர்கள் இந்த அரங்கிலேயே அமர்ந்திருக்கிறீர்கள். அன்று அந்த வாயிலின் முன் எல்லாரும் செருப்பைக் கழற்றினார்கள், எல்லாரும் குனிந்தார்கள், உள்ளே போய் ஒரே ஜமக்காளத்தில் தோளோடு தோள் இடிக்க அமர்ந்தார்கள். இருட்டில் எவர் பக்கத்தில் எவர் என்று தெரியவில்லை. எங்கள் இளைஞர் ஒருவர் வாயிலில் குவிந்து கிடந்த செருப்புகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவற்றை ஒழுங்காக அடுக்கத் தொடங்கியவரை, அது உங்கள் வேலை இல்லை, அவரவர் எடுத்துக்கொள்வார்கள் என்று தடுத்தோம்.

உள்ளே என்ன காட்டுவது? விளக்கைச் சட்டென்று அணைத்தால் சிறுவர் கூச்சலிடுவர். மாலைச் சூரியனை முதலில் காட்டி, அதை மெல்ல மேற்கில் இறக்கி, வானத்தைச் சிவக்கச் செய்து, பிறகு கறுக்கச் செய்ய வேண்டும். கண் இருளுக்குப் பழகப் பல நிமிடம் ஆகும். அந்நேரத்தில் பேச்சு வேண்டாம். முதலில் கோபிப் பேருந்து நிலையத்தில் நின்றால் தெரிகின்ற வானத்தைக் காட்டினோம். விரல் விட்டு எண்ணக்கூடிய விண்மீன்கள். அடுத்து நகரத்து வெளிச்சத்தை நீக்கினோம். கூடாரம் முழுவதும் ஒரு பெருமூச்சு எழுந்தது. மூன்று நாளும், எல்லாக் காட்சிகளிலும், அதே இடத்தில் அதே பெருமூச்சு.

துருவ மீன் நமக்கு வடக்கே மிகத் தாழ்வாக, அடிவானத்திலிருந்து பதினொன்றரை பாகை உயரத்தில் மட்டுமே நிற்கிறது. ஒரு தென்னந்தோப்பு குறுக்கே இருந்தால் மறைந்துவிடும். ஓர் ஊரின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவே துருவ மீனின் உயரம் என்பதைப் புத்தகத்தில் எத்தனை முறை நடத்தியும் விளங்காத பிள்ளைகள், சென்னைக்கும் காசுமீரத்துக்கும் ஊரை மாற்றிக் காட்டிய ஒரு நிமிடத்தில் விளங்கிக்கொண்டார்கள். நமக்குத் துருவ மீன் தாழ்ந்திருப்பதால் ஓர் ஆதாயமும் உண்டு. ஐரோப்பியருள் பெரும்பாலோர் தம் ஊரில் இருந்தபடி காண முடியாத அகத்திய மீனும், தென்சிலுவையும் நமக்குத் தெற்கே தெரிகின்றன.

ஞாயிறு மாலைக் காட்சியில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். மிருகசீரிடத்தை ஒட்டி ஒரே கோட்டில் நிற்கும் மூன்று விண்மீன்களைக் காட்டி, இவை வேட்டைக்காரன் என்னும் கூட்டத்தின் இடைக்கச்சை என்று எங்கள் ஆசிரியர் சொல்லத் தொடங்கினார். இருட்டிலிருந்து ஒரு முதியவரின் குரல் வந்தது. "அதுங்க நேர் கெழக்க மொளைக்கும், நேர் மேற்க விழும், சாமி. மார்கழிப் பொறப்புல அது உச்சிக்கு வந்தா நடுச்சாமம், மடை மாத்தோணும்" என்றார். தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நாற்பது ஆண்டுகள் பிறர் வயலுக்கு இரவில் தண்ணீர் கட்டியவர் அவர். கடிகாரம் கட்டாதவர்; எழுதப் படிக்க அறியாதவர். ஆசிரியர் மடிக்கணினியில் மார்கழி முதல் நாளைக் கொடுத்து, வானத்தை ஓட விட்டார். மூன்று மீன்களும் ஏறத்தாழ நேர்கிழக்கில் எழுந்தன. உச்சியை நெருங்கும்போது திரையின் ஓரத்திலிருந்த நேரம் பன்னிரண்டைத் தாண்டி இருபது நிமிடம் காட்டியது. அந்த இருபது நிமிடத்துக்கும் காரணம் உண்டு. நம் கைக்கடிகாரம் காட்டுவது 82½ பாகைத் தீர்க்கரேகையின் நேரம். கோபி அதற்கு ஐந்து பாகை மேற்கே இருப்பதால் சூரியனும் விண்மீனும் நமக்கு இருபது நிமிடம் பிந்தி உச்சிக்கு வருகின்றன. ஆக, முதியவர் சொன்னதே நம் ஊரின் உண்மையான நடுச்சாமம். இதை ஆசிரியர் விளக்கியபோது உள்ளே எவரும் பேசவில்லை. வானநூல் நம் சேரிக்குப் புதிதாக வந்த பொருள் என்று எண்ணிக்கொண்டு கூடாரத்தைக் கொண்டுவந்த எங்களுக்கு அது நல்ல பாடம். அவரவர் காலனியில் இரவுத் தண்ணீர் கட்டிய பெரியவர்களிடம் இத்தகைய குறிப்புகளைக் கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் காலத்துக்குப் பின் கேட்க ஆளிருக்காது.

அருந்ததியை நாங்கள் காட்டாமல் விடுவோமா? அருந்ததி என்னும் பெயரைத் தம் குலப்பெயராகத் தாங்கிய மக்கள் திரளாக வாழும் மண் நம் கொங்குமண். திருமணத்தில் பட்டப்பகலில் வானத்தைக் காட்டி அருந்ததி தெரிகிறதா என்பார்கள். மணமகளும் தெரிகிறது என்பாள். இரவில் உண்மையிலேயே பார்த்தவர் எத்தனை பேர் என்று கேட்டோம். ஒரு கையும் எழவில்லை. வானத்தைச் சித்திரை மாத முன்னிரவுக்குத் திருப்பி, வடக்கே ஏழு மீன் கூட்டத்தின் வாலில் நடு மீனான வசிட்டனையும், அதை ஒட்டி மங்கலாக நிற்கும் அருந்ததியையும் காட்டினோம். ஒளி அங்கிருந்து நம்மிடம் வர எண்பது ஆண்டு அளவில் ஆகிறது. நம் பாட்டன்மார் இளைஞராய் இருந்த காலத்தில் புறப்பட்ட ஒளி. கண்ணுக்கு இரண்டாகத் தெரியும் அவற்றைத் தொலைநோக்கியும் பிற கருவிகளும் கொண்டு ஆராய்ந்து, வசிட்டன் நான்கு விண்மீன்களின் தொகுதி என்று கண்டார்கள். அருந்ததியோடு ஒரு சிறு துணைமீன் இருப்பது 2009-இல்தான் தெரியவந்தது. மொத்தம் ஆறு. ஒரு பெண் பிள்ளை கேட்டாள்: "அப்படியானால் அருந்ததி தனியாக இல்லையா, ஐயா?" இல்லையம்மா என்றோம்.

இராகு கேதுவைப் பற்றியும் செவ்வாய் தோடத்தைப் பற்றியும் கேள்வி வராத காட்சியே இல்லை. இளைஞர்களுக்கு நாங்கள் சொன்ன அறிவுரை, ஏளனம் செய்யாதீர்கள், காட்டுங்கள் என்பதே. சூரியன் ஓராண்டில் செல்லும் வழியை ஒரு கோடாகவும், நிலவு செல்லும் வழியை ஐந்து பாகை சாய்ந்த மற்றொரு கோடாகவும் கூரையில் வரைந்து காட்டினால், இரண்டும் வெட்டிக்கொள்ளும் இரு புள்ளிகளே இராகுவும் கேதுவும் என்பது சிறுவனுக்கும் புரியும். புள்ளி எப்படியப்பா சூரியனை விழுங்கும் என்று ஒருவன் மற்றவனைக் கேட்டான். 2019 டிசம்பர் 26 அன்று கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரங்களில் வளையச் சூரிய கிரகணம் தெரிந்த காலையில் பலர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள். உலகின் பல பகுதிகளிலிருந்து மக்கள் பணம் செலவழித்துத் தேடிப்போய்ப் பார்க்கும் காட்சி நம் வாசலுக்கு வந்து திரும்பிப் போயிற்று. சாதகத்தால் திருமணம் தடைப்பட்ட பெண்கள் நம் தெருவிலும் உண்டு. கூடாரத்துக்கு வந்த தாய்மார்களுள் இருவர், இதை எங்கள் வீட்டுக்காரருக்கும் காட்ட வேண்டும் என்றார்கள்.

விண்மீனை ஆராய்வது எங்கோ பிறந்தவர்க்கு உரியது என்ற எண்ணம் நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு காட்சியிலும் மேகநாத் சாகாவின் பெயரைச் சொன்னோம். 1893-இல் டாக்காவுக்கு அருகில் ஒரு சிற்றூரில், சிறு மளிகைக் கடைக்காரரின் மகனாக, சாதி அடுக்கில் கீழே வைக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர். கல்கத்தாவில் கல்லூரி விடுதியில் உயர்சாதி மாணவர் சிலர் அவரோடு ஒரே கூடத்தில் உண்ண மறுத்தார்கள். அந்த மனிதர்தான் 1920-இல், விண்மீனின் வெப்பத்துக்கும் அதன் நிறமாலைக் கோடுகளுக்கும் உள்ள உறவைக் கணக்காகத் தந்தார். இருபத்தேழு வயதுகூட நிரம்பாத நேரம் அது. அவர் சமன்பாட்டைக் கொண்டே சிசிலியா பெய்ன் என்னும் பெண்மணி, விண்மீன்களில் மிகுந்திருப்பது ஐதரசன் என்று 1925-இல் கண்டறிந்தார். உண்ணும் கூடத்தில் இடம் மறுக்கப்பட்டவரின் பெயர் உலகில் வானியற்பியல் கற்கும் ஒவ்வொரு மாணவர் வாயிலும் இருக்கிறது.

மற்றொரு பெயரையும் இளைஞர்களிடம் மட்டும் தனியாகச் சொன்னோம். ஐதராபாத்துப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர், அம்பேத்கர் மாணவர் சங்கத்தில் இருந்த ரோகித் வெமுலா. 2016 சனவரி 17 அன்று உயிர் துறந்த அவர், கார்ல் சாகனைப் போல அறிவியல் எழுத்தாளராக விரும்பியதைத் தம் கடைசிக் கடிதத்தில் எழுதிச் சென்றார். விண்மீன்களை நேசித்த பிள்ளை. அவரைப் பற்றி மேலும் பேச எமக்கு இயலவில்லை.

இப்போது வேண்டுகோளுக்கு வருகிறோம். வெள்ளி விழா நினைவாக என்ன செய்வது என்று செயற்குழு ஆலோசித்து வருகிறது. கட்டடத்துக்கு மேல்தளம் என்பது ஒரு கருத்து. நுழைவு வளைவு என்பது மற்றொன்று. ஒரு காற்றுக் கூடாரமும் அதற்குரிய கருவிகளும் சங்கத்தின் சொத்தாக வாங்கப்பட வேண்டும் என்பது எங்கள் கருத்து.

இதற்கு எழுந்த மறுப்புகளை நாங்கள் அறிவோம். கல்லூரிக் கட்டணம் கட்ட வழியில்லாத பிள்ளை இருக்கும்போது வானத்துக்கு எதற்குப் பணம் என்று ஒரு மூத்தவர் கேட்டார். அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆகவே கல்வி உதவி நிதியிலிருந்து ஒரு ரூபாயும் இதற்கு எடுக்கக் கூடாது என்பதை நாங்களே முதல் நிபந்தனையாக வைக்கிறோம். பணியிலிருக்கும் நம் உறுப்பினர்கள் தனியே தரும் நன்கொடையால் வாங்கட்டும். எல்லாம்தான் கைப்பேசியில் வருகிறதே என்று ஓர் இளைஞர் கேட்டார். கைப்பேசியில் வருவதை ஒருவன் தனியே பார்க்கிறான். அடுத்த நொடியில் விரலால் தள்ளிவிடுகிறான். முப்பது பேர் ஒன்றாகத் தலையை நிமிர்த்திப் பார்ப்பது வேறு.

எங்கள் கருத்துக்கு உண்மையான காரணம் இன்னொன்று. வாடகைக்கு எடுத்த மூன்று நாளில் முதல் நாள் கருவியை இயக்கியவர் அதன் உரிமையாளர் அனுப்பிய ஆள். இரண்டாம் நாள் நம் இளைஞர் அறுவரும் பக்கத்தில் இருந்து கற்றுக்கொண்டார்கள். மூன்றாம் நாள் மடிக்கணினியின் முன் அமர்ந்து, வானத்தை ஓட்டி, விளக்கம் சொன்னவர் நம் காலனியைச் சேர்ந்த, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு இயற்பியல் படிக்கும் ஒரு பெண். அவர் பாட்டியார் நகராட்சித் துப்புரவுப் பணியாளராக இருந்தவர். மலவாளி சுமந்த காலத்தையும் கண்டவர். கோபியில் அந்த வாளிக்கு முடிவு கட்டியவர் நகராட்சித் தலைவராயிருந்த ஜி.எஸ். லட்சுமண ஐயர் என்பதை இளைஞர்கள் மறக்கலாகாது. 2011-இல் அவர் மறையும் வரை நம் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கவலைப்பட்டவர். அந்தப் பாட்டியார் ஞாயிற்றுக்கிழமை பேத்தியின் பக்கத்தில் அமர்ந்து, இரண்டு காட்சிகளை அடுத்தடுத்துப் பார்த்தார். ஊரிலிருந்து வந்தவர்கள் அந்தப் பெண்ணிடம்தான் ஐயம் கேட்டார்கள். "ஏனுங்க டீச்சர்" என்று அழைத்தார்கள். அவருக்கு வயது பத்தொன்பது.

ஊருக்குள் நம்மவர் எதற்கு அழைக்கப்பட்டார்கள்? பறையடிக்க, சாவுச் செய்தி சொல்ல, செத்த மாட்டை அகற்ற. கூடாரம் நம்முடையதாக இருந்தால், கருவியை இயக்கத் தெரிந்தவர்கள் நம் பிள்ளைகளாக இருந்தால், சத்தியமங்கலம், அந்தியூர், நம்பியூர், பவானிப் பள்ளிகளுக்கும் மண்டபங்களுக்கும் அவர்கள் ஆசிரியர்களாக அழைக்கப்படுவார்கள். அந்த அழைப்பு வர வேண்டும் என்பதற்காகவே இதைக் கேட்கிறோம். வேறொருவர் கூடாரத்தைக் கொண்டுவந்து நமக்குக் காட்டிவிட்டுப் போனால் நாம் பார்வையாளராகவே இருப்போம்.

இந்த வட்டாரத்தில் முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. பொள்ளாச்சிக்கு அருகிலுள்ள கோதவாடியில் பிறந்து தமிழ்வழியில் படித்த மயில்சாமி அண்ணாதுரை, 2008-இல் நிலவுக்குப் போன சந்திரயான் திட்டத்தின் இயக்குநராக இருந்தார். கிராமத்துத் தமிழ்வழிப் பிள்ளைக்கு வானம் எட்டும் என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை. அவருக்குக் கிடைத்த வாய்ப்புக்கும் நம் காலனிப் பிள்ளைக்குக் கிடைக்கும் வாய்ப்புக்கும் இடையே உள்ள தூரத்தைக் குறைப்பதே இத்தகைய சங்கங்களின் வேலை என்று கருதுகிறோம்.

நடத்தும் முறையையும் சொல்லிவிடுகிறோம். அரசுப் பள்ளிகளுக்கும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கும் வண்டிச் செலவு மட்டும். கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகளிடம் வாடகை. அத்தொகை முழுவதும் கல்வி உதவி நிதிக்கு. கோயில் திருவிழாவில் சீட்டுக் கிழித்து வேடிக்கை காட்ட எவர் கேட்டாலும் தரக் கூடாது. சாதகம் பார்ப்பவர் கேட்டால் ஒருக்காலும் கூடாது. ஊதுவிசிறிக்கும் மடிக்கணினிக்கும் மாற்று மின்கலம் அவசியம். துணியை ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடிக்கும். எலி கடித்தால் தைக்க முடியும், ஆனால் ஒட்டுப் போட்ட இடத்தில் விண்மீன் கோணலாகத் தெரியும். ஆகவே வைப்பதற்குத் தகரப் பெட்டி வேண்டும். பெட்டிக்குப் பொறுப்பாக ஒரே ஒருவர் வேண்டும். அனைவர் பொறுப்பிலும் விட்டால் எவர் பொறுப்பிலும் இருக்காது. இயக்குவோருள் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது எங்கள் கண்டிப்பான வேண்டுதல்.

கூடாரம் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. ஏப்ரல் 20-ஐ ஒட்டிய நாளிலும், ஆகஸ்டு 22-ஐ ஒட்டிய நாளிலும் நம் ஊரில் நண்பகலில் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வரும்; நட்டுவைத்த குச்சிக்கு நிழல் இராது. இதற்குக் குச்சி ஒன்று போதும். பன்னிரண்டு மணிக்கே வந்துவிட்டுப் போய்விடாதீர்கள், இருபது நிமிடம் பொறுத்திருந்து பாருங்கள். காரணத்தை முதியவர் கதையில் சொல்லிவிட்டோம். இவ்விரு நாட்களையும் ஆண்டுதோறும் காலனிச் சமுதாயக் கூடத்தின் முன்வாசலில் பிள்ளைகளோடு கொண்டாட இளைஞர் அணி ஏற்பாடு செய்ய வேண்டும்.

மூன்று இடங்களில் விலைப்பட்டியல் எழுதிக் கேட்டிருக்கிறோம். வந்ததும் செயற்குழுவின் முன் வைப்போம். பயிற்சி பெற விரும்பும் இளைஞர், இளம் பெண்கள் இன்று மாலைக்குள் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். பத்தாம் வகுப்புத் தேறியிருந்தால் போதும். மடிக்கணினி இல்லாதவர்கள் சனிக்கிழமைகளில் பிற்பகல் இரண்டு மணிக்குமேல் எம் பள்ளியின் கணிப்பொறி அறைக்கு வரலாம். ஸ்டெல்லேரியத்தை அங்கே ஏற்றி வைத்துள்ளோம். கதவு திறந்திருக்கும்.